ஊசி சோதனை ஆகாது

சிலாபத்தைத் தாண்டித் தெற்கே மகாவெவ, மாரவில, நாத்தாண்டிய, வென்னப்புவ என்று நீர்கொழும்பை நோக்கி இறங்கும் கரையில், தென்னந்தோப்பின் மூலையில் தகரக் கூரை போட்ட பன்றிப் பட்டி ஒரு சாதாரணக் காட்சி. இலங்கையின் பன்றி வளர்ப்பில் பெரும்பங்கு இந்தக் கரையிலும், இதைத் தொட்டுக் கிடக்கும் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களிலும்தான் நடக்கிறது. விடியற்காலையில் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்த வாளியோடு ஆள் உள்ளே போனதும், படுத்திருக்கும் பன்றிகள் எழும்பும். எழும்பியதும் இருமும். வறண்ட, தொண்டையைச் சுரண்டுகிற இருமல். ஒரு கூட்டில் தொடங்கினால் பக்கத்துக் கூடு வாங்கிக்கொள்ளும். ஏன் இருமுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பண்டி என்றால் இருமும்தானே, ஊசி ஒன்று போட்டால் அடங்கிவிடும்" என்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு மறுப்பு.

அது பட்டிக்காரர் மட்டும் சொல்கிற பதிலாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. மருந்துக் கடைக்காரரும் தீவன வியாபாரியும் லொறியோடு வரும் தரகரும் அதையே சொல்கிறார்கள். படித்தவர்களிடம் போனால் அது ஒரு கொள்கையாகவே வளர்ந்து நிற்கிறது: இருமலைக் கேட்டாலே நோய் தெரியும், மருந்து கேட்டால் நோய் உறுதி, சந்தேகம் மிஞ்சினால் வெட்டும்போது நுரையீரலைப் பார்த்துக்கொள்ளலாம், ஆய்வுகூடம் பெரிய பண்ணைக்காரரின் ஆடம்பரம், அதிலும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு இருமலைப் பற்றிப் பேசுவது வேலையற்ற வேலை. ஐந்து வாதங்கள். ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் மீதிப் பொய்யும் இத்தனை காலம் விலைபோயிருக்கிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே என்பது மிகச் சிறிய ஒரு பக்டீரியா. மற்றப் பக்டீரியாக்களுக்கு உள்ள கலச்சுவர் இதற்குக் கிடையாது. பன்றியின் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் பிசிர்கள் எனப்படும் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தக் கிருமி அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ள, பிசிர்கள் அசைவு கெட்டு உதிர்கின்றன. வடிகான் அடைபட்ட தெருவில் என்னென்ன சேருமோ அவ்வளவும் பிறகு அங்கே சேரும். பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் பின்னாலேயே வந்து நுரையீரலைக் கெடுக்கும். பன்றி பெரும்பாலும் சாவதில்லை. தின்னும், இருமும், தின்ற அளவுக்கு வளராது. ஆளைக் கொல்லாத கடன்காரனைப் போல இந்த நோய் பட்டியில் ஒரு ஓரமாகக் குந்தியிருக்கும். சாவு இல்லாததால்தான் அதை யாரும் நோயாக மதிப்பதில்லை.

இனி வாதங்களுக்கு வருவோம்.

இருமலைக் கேட்டாலே தெரியும் என்கிறார்கள். இருமலுக்கு ஒரே சொந்தக்காரன் என்றால் சரி. பன்றியின் வட்டப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடம்பிகள் குடலிலிருந்து ஈரலுக்கும், ஈரலிலிருந்து நுரையீரலுக்கும் ஏறி, தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கு இறங்குகின்றன. அந்தப் பயணத்தில் குட்டி இருமும். மணலைக் கிளறி மண்புழு தின்கிற பன்றிக்கு நுரையீரல் புழு வரலாம். அந்தப் புழுவின் குடம்பி வளர்வதே மண்புழுவின் உடலுக்குள்தான். இன்ஃபுளுவென்சா வந்தால் ஒரே நாளில் பட்டி முழுவதும் காய்ச்சலோடு படுத்து, ஒரு வாரத்தில் எழும்பிவிடும். மூத்திரம் தேங்கிய கூட்டின் அமோனியாவும் காய்ந்த தவிட்டுத் தூசியும் எந்தக் கிருமியும் இல்லாமலே இருமவைக்கும். இத்தனைக்கும் ஒரே ஊசியா? புழுவால் இருமும் குட்டிக்கு டைலோசின் ஏற்றுவது, கூரை ஒழுகுகிறது என்று கிணற்றை இறைப்பதற்குச் சமம். பெரிய பன்றிகளின் சாணத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புழு முட்டை தெரியும். வெட்டிய பன்றியின் ஈரலில் பால் சிந்தியது போன்ற வெள்ளைத் திட்டுகள் இருந்தால் வட்டப்புழு அந்த வழியே போயிருக்கிறது என்று பொருள். காது கேட்டது இருமலை. காரணம் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

அடுத்த வாதம்தான் ஐந்திலும் கெட்டிக்காரத்தனமானது. மருந்து போட்டேன், கேட்டது, ஆகவே நோய் அதுதான் என்கிறார்கள். டெட்ராசைக்கிளின் மைக்கோபிளாஸ்மாவையும் அடக்கும், பின்னால் வரும் பாஸ்டுரெல்லாவையும் அடக்கும். இருமல் குறைந்தது என்பதை வைத்து இரண்டில் எது அடங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? இன்ஃபுளுவென்சா எப்படியும் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். மூன்றாம் நாள் ஊசி போட்டவருக்கு ஏழாம் நாள் பெருமை வந்து சேர்கிறது. மருந்து கேட்காவிட்டாலும் எதுவும் நிரூபணமாகாது. பெனிசிலினும் அமொக்சிசிலினும் பக்டீரியாவின் கலச்சுவர் கட்டும் வேலையைக் குலைக்கிற மருந்துகள். சுவரே இல்லாத கிருமியிடம் அவை என்ன செய்யும்? சல்பா மருந்துகளுக்கும் இது அசையாது. கடையில் கைக்கு வந்த மருந்தைப் போட்டு, கேட்காமல் போய், "இது வேறு பெரிய வியாதி" என்று இன்னும் விலை கூடிய மருந்துக்குப் போகிறவர் பெரிய வியாதியைக் கண்டுபிடிக்கவில்லை. பொருந்தாத மருந்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

பொருத்தமான மருந்து விழுந்து இருமல் நின்றால்கூடக் கதை முடிவதில்லை. மருந்து கிருமியின் தொகையைக் குறைக்கும். வேரோடு துடைப்பது அரிது. 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேண்டுமென்றே தொற்றவைக்கப்பட்ட பன்றிகளிடம் 214 ஆம் நாளிலும் கிருமி இருந்தது; 254 ஆம் நாளில்தான் அது இல்லாமல் போனது. விற்கிற பன்றியின் வயது ஏறக்குறைய ஆறு மாதம். அதன் ஆயுளைவிட அதற்குள் குடியிருக்கும் கிருமியின் தவணை நீளமானது. ஆகவே இருமலே இல்லாத தாய்ப்பன்றியும், சினைக்காக இரவல் வாங்கிய ஆண் பன்றியும், சந்தையில் வாங்கிய கொழுத்த பெட்டைக் குட்டியும் ஒரு சத்தமும் இல்லாமல் நோயை அடுத்த பட்டிக்குக் கொண்டுபோகும். இருமல் அடங்கியதை நோய் போனதற்குச் சாட்சியாக எடுப்பவர், நாய் குரைக்கவில்லை என்பதால் கள்ளன் வரவில்லை என்று கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்.

பார்வையையும் மருந்தையும் நம்பி ஏமாந்ததில் நம் பட்டிக்காரர் தனியாள் இல்லை. உலகத்தின் விஞ்ஞானிகளே இந்த நோயை நெடுங்காலம் 'வைரஸ் நிமோனியா' என்று அழைத்துவந்தார்கள். சாதாரணப் பக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கிருமி தாண்டிப் போனது. கிருமி வளர்க்கும் வழக்கமான ஊடகத்தில் எதுவும் முளைக்கவில்லை. ஆகவே வைரஸாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். 1965 இல் கேம்பிரிட்ஜில் குட்வின், பொமரோய், விட்டில்ஸ்டோன் ஆகிய மூவரும், அமெரிக்காவின் அயோவாவில் மாரே, சுவிட்சர் ஆகிய இருவரும் தனித்தனியே இந்தக் கிருமியை வளர்த்தெடுத்து, நல்ல பன்றிக்குக் கொடுத்து, அதே நோயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் பெயர் மாறியது. பெயர் மாறிய பிறகுதான் பொருத்தமான தடுப்பூசிக்கு வழி பிறந்தது. தவறான பெயரோடு எத்தனை ஆண்டு ஓடினாலும் சரியான மருந்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

வெட்டும் இடத்தில் நுரையீரலைப் பார்த்தால் தெரியும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. காசில்லாத நல்ல பழக்கம் அது. நுரையீரலின் முன்பக்கக் கீழ் இதழ்கள் பஞ்சுத்தன்மை கெட்டு, ஊதாவும் சாம்பலும் கலந்த நிறத்தில், விரலால் அமுக்கினால் இறைச்சித் துண்டு போலக் கெட்டியாக இருந்தால் மைக்கோபிளாஸ்மாவைச் சந்தேகிக்க வேண்டியதுதான். ஆனால் இன்ஃபுளுவென்சாவும் பாஸ்டுரெல்லாவும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நிறத்தில் தடம் விடுகின்றன. இன்னொன்று, அந்தத் தடம் இரண்டு மூன்று மாதங்களில் ஆறிவிடும். பத்தாவது வாரத்தில் நோய் கண்ட குட்டி இருபத்தாறாவது வாரத்தில் வெட்டப்படும்போது, இடையில் பதினாறு வாரம் ஓடியிருக்கும். மெல்லிய தழும்பு மட்டுமே மிஞ்சும், அதுவும் தெரிந்தவர் கண்ணுக்கு. வளர்ச்சி கெட்ட காலம் முழுவதையும் நுரையீரல் மறந்துவிடுகிறது. போதாததற்கு, தரகரின் லொறியில் நாலு பட்டிப் பன்றிகள் ஒன்றாகப் போகின்றன. மேசையில் கிடக்கும் நுரையீரல் யாருடையது என்று யார் சொல்வது? கெட்டியான இடமும் நல்ல இடமும் சேரும் ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் போர்மலினிலும் மற்றதை ஐஸிலும் வைத்து அனுப்பினால் அந்தப் பார்வைக்கு மதிப்பு வரும். முதல் துண்டில் மூச்சுக்குழல்களைச் சுற்றி வெள்ளணுக்கள் காப்புப் போட்டது போலத் திரண்டிருப்பது நுணுக்குக்காட்டியில் தெரியும். இரண்டாவது துண்டில் கிருமியின் மரபுப் பொருளை பி.சி.ஆர். தேடும். விசாரணையைத் தொடங்க நுரையீரல் போதும். தீர்ப்பு எழுத அது போதாது.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களோடும் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுகூடத்தை நம்புகிறவர்களில் ஒரு சாரார் இன்னொரு மூடநம்பிக்கையை வளர்த்துவைத்திருக்கிறார்கள்: ஒரு பன்றியின் இரத்தத்தை எடுத்து எலைசா செய்துவிட்டால் எல்லாம் வெளிச்சம் என்று. தடுப்பூசி விற்பவருக்கு அந்த ஒரு தாள் போதும். "பொசிட்டிவ்" என்று காட்டி மருந்தை விற்றுவிடுவார். கொவிட் காலத்தில் தொண்டைக்குள் குச்சி விட்டுப் பார்த்த சோதனை வேறு, இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்த்த சோதனை வேறு என்று கற்றுக்கொண்ட நாடு நாம். பன்றி விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோனோம்?

எலைசா கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியைப் பார்க்கிறது. பால்குடிக் குட்டியிடம் அது இருந்தால் தாயின் சீம்பாலில் வந்ததாக இருக்கலாம். தடுப்பூசி போட்ட பன்றியிடம் இருந்தால் ஊசியின் வேலையாக இருக்கலாம். இயற்கைத் தொற்றையும் தடுப்பூசியையும் பிரித்துச் சொல்ல வழக்கமான எலைசாவால் முடியாது. நேற்று இருமத் தொடங்கிய பன்றியிடம் அது இல்லாமலே போகலாம், ஏனென்றால் இந்தக் கிருமிக்கு எதிராக உடல் விழித்துக்கொள்ளவே மூன்று முதல் எட்டு வாரம்வரை ஆகும். மைக்கோபிளாஸ்மா ஃபுளோக்குலாரே என்ற தீங்கற்ற உறவுக்காரன் ஒருவன் வந்து சோதனையைக் குழப்புவதும் உண்டு. அதனால் எலைசா வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில் வெவ்வேறு வயதுக் கூட்டங்களிலிருந்து இரத்தம் எடுத்து, எந்த வயதில் அளவு ஏறுகிறது என்று பார்த்தால், கிருமி பட்டிக்குள் எப்போது கைமாறுகிறது என்பதை அது அழகாகக் காட்டும். தடுப்பூசியை எப்போது போடுவது என்பதற்கு அதுதான் வழிகாட்டி. அந்தத் தடுப்பூசியும் இருமலையும் நுரையீரல் சேதத்தையும் குறைக்குமே தவிர, தொற்றைத் தடுத்து நிறுத்தாது என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும்.

கிருமியை வளர்த்துக் காட்டுவதுதான் உண்மையான நிரூபணம் என்று புத்தகத்தைக் காட்டுபவரும் உண்டு. டென்மார்க்கின் ஃப்ரீஸ் உருவாக்கிய ஊடகத்தில் அதை வளர்க்கலாம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் விரைவாக வளரும் மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ் ஊடகம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். முடிவு வரும்போது பன்றி கறியாகியிருக்கும்.

மிஞ்சுவது பி.சி.ஆர். அங்கேயும் இடம் தெரிந்து தேட வேண்டும். கிருமி குடியிருப்பது மூச்சுக்குழாயின் பிசிர்களில். மூக்கில் குச்சி விட்டுவிட்டு "இல்லை" என்று எழுதுவது, நடுக்கடலில் போட்ட வலையைக் கரையில் தேடுவது. உயிருள்ள பன்றியில் குரல்வளைக்கு எட்டும் நீண்ட குச்சியால் எடுத்த மாதிரிதான் தொற்றின் தொடக்கத்திலேயே மூக்கு மாதிரியைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. பன்றியைப் பிடிக்கக் கயிறும், வாய் திறந்து பிடிக்க ஒரு கருவியும், பழகிய கையும் வேண்டும். காட்டிக்கொடுத்த பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது: பி.சி.ஆர். சொல்வது கிருமி இருக்கிறது என்பதை மட்டுமே. இந்த இருமல் அதனால்தானா என்பதை நுரையீரலையும் பட்டியின் நடப்பையும் சேர்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

சோதனை விலை கூடியது, சின்னப் பட்டிக்குக் கட்டாது என்ற நாலாவது வாதத்தை இங்கேதான் எடுக்க வேண்டும். விலையைத் தீர்மானிப்பது நாம் கேட்கும் கேள்வி. "என் பட்டியில் இந்தக் கிருமி அறவே இல்லையா?" என்று கேட்டால் அது செலவான கேள்வி. பெரிய மந்தையில் பத்துக்கு ஒன்று தொற்றியிருந்தால், அதில் ஒன்றையாவது பிடித்துவிடுவோம் என்று நூற்றுக்கு 95 பங்கு நம்ப, குறைந்தது 29 பன்றிகளைச் சோதிக்க வேண்டும். அதுவும் சோதனை எதையும் தவறவிடாது என்ற நிபந்தனையோடு. பாதியைத் தவறவிடும் சோதனையென்றால் 59. மூன்று பன்றியைச் சோதித்துவிட்டு நிம்மதியானால், நூற்றுக்கு 73 தடவை ஏமாறுவோம். ஆனால் நம் பட்டிக்காரரின் கேள்வி அதுவல்லவே. "இருமுகிற பன்றிகள் ஏன் இருமுகின்றன?" என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. இருமுவனவற்றில் பாதிக்காவது இந்தக் கிருமி இருக்குமென்றால், அவற்றில் ஆறில் குச்சி விட்டாலே நூற்றுக்கு 98 பங்கு அகப்பட்டுவிடும். ஆறு குச்சியை இரண்டு குழாயில் சேர்த்துச் சோதிக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

மறுபக்கக் கணக்கையும் போடுங்கள். முப்பது பன்றிகள் விற்பனை எடையை எட்ட மூன்று வாரம் பிந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நாளுக்கு இரண்டரைக் கிலோ தின்றால், அந்த மூன்று வாரத்துக்கு 1,575 கிலோ தீவனம். ஒன்றரைத் தொன்னுக்கு மேலே. இதைத் தின்னக் கொடுக்கிறவர் இரண்டு குழாய்ச் சோதனையை ஆடம்பரம் என்கிறார். குறிபார்த்துப் போடாத ஊசிகளின் செலவையும், மருந்து உடலைவிட்டு இறங்கும் நாள் பொறுக்காமல் விற்ற இறைச்சி யார் வீட்டு நத்தார் விருந்துக்குப் போனது என்பதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

சின்ன ஆட்களுக்கு ஆய்வுகூடம் ஒத்துவராது என்று சொல்பவர்கள் பட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி, வடக்கே சிலாபம் வாவிக்கும் முந்தல் வாவிக்கும் அருகே இருக்கும் இறால் குளங்களைப் பார்க்க வேண்டும். அந்தக் குளங்களின் தண்ணீர் ஒல்லாந்தர் கால்வாயாலும் வாவிகளாலும் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டது. ஒருவன் குளத்தில் வந்த நோய் அடுத்தவன் குளத்துக்குத் தண்ணீரோடு போகும். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது இந்தக் கரையின் இறால் தொழில் குப்புற விழுந்தது. 1998 இல் எழும்ப முயன்றபோது மறுபடியும் அடிவாங்கியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுகளை பி.சி.ஆர். செய்து பார்த்து விடுவது வழக்கமாயிற்று. எந்தப் பகுதி எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பருவ அட்டவணை போட்டன. அதன் பின்னும் நோய் எட்டிப் பார்க்காமலில்லை. ஆனால் "இறால் என்றால் சாகும்தானே" என்று சொல்லிக்கொண்டு இருக்க இப்போது அங்கே எவரும் தயாரில்லை. அவர்களும் சாரம் கட்டிய சாதாரண மனிதர்கள்தான். ஒரு கண்ணாடிப் போத்தல் குஞ்சுக்குச் சோதனை வேண்டும் என்று கற்றுக்கொண்ட கரைக்கு, ஒரு கூட்டுப் பன்றிக்கு வேண்டும் என்பது ஏன் புரியாது?

கடைசி வாதம் துயரத்திலிருந்து வருவது. அதனால் அதைக் கேலி செய்யமாட்டேன். 2024 ஒக்டோபரில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிப்படுத்தப்பட்டது. கூடு கூடாகப் பன்றிகளைப் புதைத்தவரிடம் போய் மைக்கோபிளாஸ்மா என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் காய்ச்சலுக்கு எது வசதி செய்துகொடுக்கும்? அது தொடங்கும்போது காய்ச்சல், தீவனம் எடுக்காமை, தோல் சிவத்தல். அக்கி, சால்மொனெல்லா என்று வேறு பல நோய்களும் அதே வேஷத்தோடுதான் வரும். ஆய்வுகூடம் தவிர வேறு எதுவும் பிரித்துக்காட்டாது. "மூன்று நாள் ஊசி போட்டுப் பார்ப்போம்" என்ற பழக்கம் அந்த வைரஸுக்குக் கிடைத்த மூன்று நாள் சீதனம். ஒரே ஊசி முனையை மாற்றாமல் பத்துப் பன்றிக்குப் பாவித்தால், முதல் பன்றியின் இரத்தத்தில் இருந்த வைரஸைப் பத்தாவதுக்கும் கொடுப்பது வைத்தியம் செய்யும் கையேதான். இரத்தத்தில் வாழும் மைக்கோபிளாஸ்மா சூயிஸ் என்ற உறவினனும் அதே வழியில் பரவுகிறான். சிவப்பணுக்களில் ஒட்டிச் சோகை உண்டாக்கும் அந்தக் கிருமி ஆய்வுகூட ஊடகம் எதிலும் வளராதது, சாயமேற்றிய இரத்தப் பூச்சிலும் பி.சி.ஆரிலும்தான் அகப்படும். ஊசியைச் சோதனையாக நினைத்தோம்; அது நோயைக் காவும் வாகனமாகவும் இருந்திருக்கிறது. இருமலுக்கு மாதிரி அனுப்பிப் பழகிய பட்டி, காய்ச்சலுக்கும் முதல் நாளே வைத்தியரை அழைக்கும். பெரிய நோய்க்கான பாதையைச் சின்ன நோயில்தான் வெட்டிவைக்க முடியும். சந்தேகமான திடீர்ச் சாவு வந்தால் தாமாக எதையும் அறுக்காமல் அரச மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பது அதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. என் பட்டி, என் பன்றி, என் இருமல் என்று பேசுவது இந்தக் கிருமியிடம் செல்லாது. 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நோயுற்ற மந்தையிலிருந்து 9.2 கிலோமீற்றர் தொலைவில் காற்றிலே இந்தக் கிருமியைப் பிடித்தது. பட்டிகள் நெருங்கிக் கிடக்கும் நம் கரையில் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இறாலுக்குக் கால்வாய்த் தண்ணீர் எப்படியோ பன்றிக்குக் காற்று அப்படி. சுவிட்சர்லாந்து இதை உணர்ந்துதான் பண்ணை பண்ணையாக அல்லாமல் பகுதி பகுதியாக இறங்கி, 1996 தொடங்கி 2004 க்குள் நாடு முழுவதிலும் இந்த நோயை ஒடுக்கியது: பத்து மாதத்துக்குக் குறைந்த பன்றி எதுவும் இல்லாமல் இனப்பெருக்கப் பண்ணைகளை இரண்டு வாரம் வைத்து, மிஞ்சிய தாய்ப்பன்றிகளுக்கு மருந்து கொடுத்து. அந்தப் பணமும் அமைப்பும் நமக்கு இல்லை. அப்படியே எடுத்து இங்கே நடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பகுதியின் பண்ணைகள் எல்லாம் சேர்ந்தே இறங்கின என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் இந்தக் கரையின் ஊர்களுக்கு மாதிரி எடுக்கும் நாட்களைக் குறித்து அறிவிக்க வேண்டும். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனை மிருக வைத்திய பீடமும் அனுப்பப்படும் மாதிரிக்கு ஒரு சொல்லில் முடிவு எழுதாமல், அடுத்து என்ன செய்வது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர வேண்டும். பட்டியின் பெயரை மறைத்து ஊரின் முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். சோதனை முடிவைக் கண்டு மருந்து மாறாவிட்டால், தடுப்பூசியின் நாள் மாறாவிட்டால், வாங்கும் குட்டி மாறாவிட்டால், அந்தச் சோதனையைச் செய்யாமலே விட்டிருக்கலாம். இதை என் பக்கத்து ஆட்களும் மனத்தில் வைக்க வேண்டும்.

தூரம் என்று சொல்வார்கள். சிலாபத்திலிருந்து குருநாகல் வழியாகக் கன்னொறுவைக்கு மலையேற வேண்டும், வெயிலில் மாதிரி கெட்டுப்போகும் என்பார்கள். பி.சி.ஆருக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. குளிராக இருந்தால் போதும். இந்தக் கரைக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையுமில்லை. விடியுமுன் நண்டையும் இறாலையும் ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, ஐஸ் கொட்டி, மூடியை ஒட்டி, ஒரு கால் உடையாமல் கொழும்புக்கு அனுப்புகிற கைகள் இங்கே இருக்கின்றன. அந்தப் பெட்டியின் ஒரு மூலையில் ஆறு குச்சிகளுக்கு இடம் காணாதா?